முந்தானை மூலையில் மஞ்சள்

பேருந்தின் கதவு என்னைத் திருடி என்று சொன்னபோது காலை எட்டே முக்கால்.

வாயால் சொல்லவில்லை. மூன்று முறை மணி அடித்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த மணிக்கு என்ன அர்த்தம் என்று ஈரோட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரிய கடைகளில் விற்கும் துணி ஒவ்வொன்றிலும் ஒரு காவல் நூல் சேர்த்து நெய்திருப்பார்கள். பில் போடும்போது அதன்மேல் நீல வெளிச்சம் காட்டித் தூங்க வைத்து அனுப்புவார்கள். தூங்க வைக்காமல் வெளியே போன நூல், உடுத்துகிறவரின் உடம்புச் சூடு பட்டதும் விழித்துக்கொள்ளும். பேருந்து, வங்கி, ரேஷன் கடை, அரசு அலுவலகம் என்று எந்தக் கதவைத் தாண்டினாலும் அது காட்டிக்கொடுக்கும். அதோடு விட்டாலாவது பரவாயில்லை. கதவு முகத்தையும் குறித்துக்கொள்ளும். அப்புறம் சேலையைக் கழற்றி வீசிவிட்டுக் கோணிப்பையைச் சுற்றிக்கொண்டு போனாலும் எந்தக் கதவும் திறக்காது.

"இறங்கிக்கங்க அக்கா. நீங்க இருந்தா வண்டி நகராதுங்க" என்றார் கண்டக்டர்.

"பில்லு வெச்சிருக்கனுங்க. பொன்னூசி சில்க்ஸ்ல ஞாயித்துக்கிழமை எடுத்தது."

"எங்கிட்டக் காட்டி என்னங்க பண்றது? கதவுக்குப் படிக்கத் தெரியாதே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் சொன்னது கூட எனக்கு வலிக்கவில்லை. அந்தக் கைப்பை வலித்தது.

என் பெயர் கோகிலவாணி. பெருந்துறையில் ஒரு சாய ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடம் நிறம் பார்த்தவள். மூன்றாவது முறை தேர்வு எழுதி, அரசு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. ஆணை வந்த பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். ஆலைக்காரர்கள் என்னை விடுவிக்கும் கடிதத்தை இழுத்தடித்துப் பதினான்காவது நாள்தான் கொடுத்தார்கள். இன்று பதினைந்து. மாலை ஐந்து மணிக்குள் நான் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பழைய வேலையையும் விட்டாயிற்று. இந்த நாளுக்கென்று ஆசையாக எடுத்ததுதான் இந்த மாந்தளிர் நிறச் சேலை.

கதவு இல்லாத வண்டி மணி அடிக்காது. ஒரு பழைய ஆட்டோவைப் பிடித்து அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் கதவு இரக்கமே இல்லாமல் மணி அடித்தது. காவலர் உள்ளே போன் பேசினார். சிறிது நேரத்தில் கட்டடத்தின் பக்கவாட்டில் இருந்து கண்காணிப்பாளர் அமராவதி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. அதன் கரையில் கருப்பாக எண்ணெய்க் கறை. என் தொழில் புத்தி, கறைதான் முதலில் கண்ணில் படும்.

"கதவு விடாத ஆளை நான் எப்படிம்மா சேத்துக்க முடியும்? ரிஜிஸ்டரும் உள்ளதான் இருக்கு, கேமராவும் உள்ளதான் இருக்கு" என்றார். கடுமையாகத்தான் ஆரம்பித்தார். பிறகு காவலருக்குக் கேட்காத குரலில், "அஞ்சு மணி வரைக்கும் நான் சீட்டுல இருப்பேன். போய் அந்தக் கடைக்காரங்களை விடாமப் பிடி" என்றார். வந்த வழியே திரும்பிப் போனார்.

பொன்னூசி சில்க்ஸின் வாசலும் என்னை உள்ளே விடவில்லை. விற்ற கடையே உள்ளே விடாது என்பது எவ்வளவு அழகான ஏற்பாடு. மணி அடித்தவர்களுக்கென்று வெளியே, இருசக்கர வாகனம் நிறுத்தும் இடத்தை ஒட்டி, தகரக் கொட்டகையில் ஒரு ஜன்னல் வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர். சட்டையில் பெயர்: சென்னியப்பன்.

பில்லை வாங்கிப் பார்த்தார். என் முந்தானை மூலையை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து ஒரு வெதுவெதுப்பான தட்டில் வைத்தார். தட்டு கீச்சென்றது.

"நூலு முழிச்சிருக்குதுங்க."

"அதுதாங்க நானும் சொல்றன். தூங்க வெக்காம அனுப்பிட்டீங்க."

"நூலு பொய் சொல்லாதுங்க." இதை அவர் மனப்பாடமாகச் சொன்னார். "விளக்கு எத்தனை தடவை எரிஞ்சுதுன்னுதான் பதிவாகும், எந்தச் சேலைக்கு எரிஞ்சுதுன்னு ஆகாதுங்க. அப்ப நீங்க இதே மாதிரி ரெண்டு சேலை எடுத்திருக்கலாம். ஒண்ணு பில்லு போட்டு. இன்னொண்ணு..." அவர் நிறுத்திவிட்டுப் பேனாவைப் பார்த்தார். "நான் சொல்லலீங்க அம்மிணி. காவல் நூல் கம்பெனிக்காரங்க அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காங்க."

"சேலையைத் திருப்பிக் குடுத்தர்றன்."

"குடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க."

"நூலை வெட்டிட்டா?"

"அது போலீஸ் கேசுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் அழுகிற ரகம் இல்லை, கேள்வி கேட்கிற ரகம். "அண்ணா, எனக்கு முன்னாடி எத்தனை பேரு வந்தாங்க?" என்று கேட்டேன்.

அவர் தயங்கி ஒரு நோட்டை எடுத்தார். அது கடையின் நோட்டு இல்லை, அவருடைய சொந்த நோட்டு. பக்கம் பக்கமாகப் பெயர்களும் போன் நம்பரும். "ரெண்டு மாசத்துல அறுபத்தியொரு பேருங்க. அதுக்கு முன்னாடி வருசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. இந்த டீச்சரம்மா பள்ளிக்கூடத்துக்குள்ள போக முடியாம லீவு போட்டுட்டு இருக்காங்க. இந்தப் புள்ளைக்கு நிச்சயம் பண்ணினது நின்னு போச்சு. மணி அடிச்ச பொண்ணு வேண்டாம்னுட்டாங்களாம். தூக்கமே வர்றதில்லீங்க எனக்கு. ஆனா நான் என்ன பண்ண?"

"எல்லாம் சேலைங்களா?"

"சேலை, பட்டு வேட்டி, பாவாடை சட்டை. எல்லாமே விசேசத்துக்கு எடுத்ததுதானுங்க. தினப்படி கட்டற துணி ஒண்ணுகூட இல்ல."

அது என் மண்டையில் எங்கேயோ இடித்தது. நூலுக்கு நல்ல நாள், கெட்ட நாள் தெரியுமா என்ன?

கொட்டகையில் நின்றால் கண்ணாடிச் சுவர் வழியாகப் பில் போடும் இடம் தெரியும். உள்ளே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். மேசைமேல் ஒரு பித்தளைக் கிண்ணம், அதில் குழைத்த மஞ்சள். புதுத் துணியை உடுத்தும் முன் மூலையில் மஞ்சள் வைப்பது நம் வழக்கம். வழக்கமாக வீட்டில் வைப்போம். இந்தக் கடையில் அதையும் உபசாரமாகச் செய்துகொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என் சேலைக்கும் அங்கேதான் வைத்தார்கள். கல்யாணப் பெண்ணின் அம்மா ஒரு விரல் மஞ்சளைத் தொட்டுக் கூறைப்புடவையின் முந்தானை மூலையில் அழுத்தித் தேய்த்தார். பில் போடும் பெண் அதே மூலையை விளக்கின் கீழ் பிடித்தாள். நீல வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

மஞ்சள் வைத்த இடம் மட்டும் கிளிப்பச்சையாக மின்னியது.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஆலையில் நிறம் பார்க்கும் ஒளிப்பெட்டிக்குப் பக்கத்தில் சாம்பார் சாதம் சாப்பிடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருப்போம். ஒருமுறை மேற்பார்வையாளர் சாப்பிட்ட கையோடு வெள்ளைத் துணி மாதிரியைத் தொட்டுவிட்டார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டியில் வைத்தால் அவருடைய ஐந்து விரலும் பச்சையாக எரிந்தன. அந்த வருடம் முழுக்க அவருக்கு ஆலையில் சாம்பார் என்றே பெயர்.

"அண்ணா, அந்த மஞ்சக் கிண்ணம் எப்ப இருந்துங்க வெச்சிருக்காங்க?"

"ரெண்டு மாசமா." சொன்ன பிறகுதான் அந்த இரண்டு மாதம் அவர் காதிலேயே விழுந்தது.

"மஞ்சளு நீல வெளிச்சத்தை முழுங்கிருமுங்க. முழுங்கிட்டுப் பச்சையாத் துப்பும். நூலு தூங்கறதுக்கு நீலம் வேணும். மேல மஞ்சளைப் பூசிட்டா அதுக்குக் கிடைக்கறது எச்சில் பச்சைதான். விளக்கு எரிஞ்சுதுன்னு நீங்க நினைக்கறீங்க. நூலு முழிச்சுக்கிட்டேதான் பைக்குள்ள போகுது. எல்லாரும் அதே மூலையிலதான் மஞ்ச வெப்பாங்க, கம்பெனிக்காரனும் அதே மூலையிலதான் நூலை வெச்சிருக்கான். இதைக் கண்டுபிடிச்ச ஊர்ல புதுத்துணிக்கு மஞ்ச வெக்கற பழக்கம் இல்ல போல."

சென்னியப்பன் நாற்காலியில் இருந்து எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அந்தக் கிண்ணத்தை வெக்கச் சொல்லி யோசனை குடுத்தது நானுங்க" என்றார். "கல்யாணத்துக்கு எடுக்கறவங்க சந்தோசப்படுவாங்கன்னு. மொதலாளி எனக்குக் கைகுடுத்தாரு."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் மணி பன்னிரண்டு ஆகியிருந்தது, பாவப்பட நேரம் இல்லை. "மேனேஜரைக் கூப்பிடுங்கண்ணா."

மேனேஜர் ரித்திக் வந்தான். முப்பது வயது கூட இருக்காது. காதில் கருவி, கையில் இரண்டு போன். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

"மேடம், மஞ்சள்லயா? இது உலகத்துல நாப்பது நாட்டுல ஓடற சிஸ்டம்."

சென்னியப்பன் உள்ளே போய் விற்பனைக்கு இருந்த இரண்டு கைக்குட்டைகளையும் மஞ்சள் கிண்ணத்தையும் எடுத்து வந்தார். ஒன்றின் மூலையில் மட்டும் மஞ்சள் வைத்தார். இரண்டையும் விளக்கில் காட்டிக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். வெறும் கைக்குட்டைக்குத் தட்டு சும்மா இருந்தது. மஞ்சள் வைத்ததற்குக் கீச்சென்றது.

"நூலு பொய் சொல்லலீங்க தம்பி. நம்மதான் மஞ்சளைப் பூசி அதைத் தூங்க விடாமப் பண்ணிட்டோம்" என்றார். பதினெட்டு வருடம் அந்தக் கடையில் இருந்தவர் மேனேஜரைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

ரித்திக்கின் சிரிப்பு போய்விட்டது. கெட்டவன் இல்லை, பயந்தவன். "சரிங்க மேடம், உங்க மேல தப்பில்ல. ஆனா முகக்குறியை எடுக்க எங்களால முடியாது. நூலு தூங்கினாத்தான் கம்பெனிக்குச் சேதி போகும், அங்க தானா எடுத்துரும். வேற வழியே வெக்கல."

"அப்ப என் மூலையில இருக்கற மஞ்சளை எடுத்துட்டு மறுபடி விளக்கு காட்டுங்க."

"கறை எடுக்கற மருந்து போட்டா நூலு செத்துரும். செத்தா அதுவும் கேசுதான். சோப்பு போட்டுப் பாக்கலாமா?"

"சோப்பு பட்டா மஞ்சளு செவப்பாயிரும், இன்னும் மோசம்." எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று முதல் முறையாக. "தம்பி, வெயில்ல நிக்கறதுக்கு உங்க கம்பெனி தடை ஏதாச்சும் போட்டிருக்கா?"

அவன் உண்மையிலேயே போனில் தேடிப் பார்த்தான். "வெயிலைப் பத்தி ஒண்ணும் இல்லீங்க."

மஞ்சள் கறை எதற்கும் அடங்காது, வெயிலுக்கு மட்டும் அடங்கும். துணி துவைக்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி. பங்குனி வெயில், ஈரோடு, நடுப்பகல். இதைவிட நல்ல மருந்து எந்தக் கம்பெனியிலும் இல்லை. வண்டி நிறுத்தும் இடத்து இரும்புக் கம்பிமேல் முந்தானை மூலையை விரித்தேன். லேசாகத் தண்ணீர் தொட்டு வைத்தேன். கடையின் கேமராவுக்கு நேராகவே நின்றேன், நாளைக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லக் கூடாது.

சேலை என் உடம்பில் இருந்தது. ஆகவே நானும் வெயிலில்தான் நின்றேன்.

முதல் அரைமணி நேரம் வீராப்பில் போய்விட்டது. அதற்கப்புறம் தார் சுட்டது. வண்டி எடுக்க வந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். சென்னியப்பன் ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொன்னார். ஒருவர் மோர் வாங்கி வந்தார். சென்னியப்பன் கடைக் குடையை எடுத்து வந்து, என் தலைக்கு நிழலும் முந்தானைக்கு வெயிலும் படும்படி ஒரு கோணத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார்.

"நீங்க உள்ள போங்கண்ணா, சீட்டுக் காலியாக் கெடக்குது."

"கெடக்கட்டுமுங்க. நெம்ப நாளா அங்க உக்காந்து பாத்துட்டேன்."

மணி இரண்டு ஆனதும் ஒருமுறை விளக்கில் காட்டினோம். கண்ணாடிக் கதவு எனக்குத் திறக்காது என்பதால் ரித்திக் விளக்கையே ஒயரோடு இழுத்து ஜன்னலுக்குக் கொண்டுவந்தான். கிளிப்பச்சை மின்னியது. தட்டு கீச்சென்றது. மூன்று மணிக்கு மறுபடி. பச்சை மங்கியிருந்தது, ஆனாலும் கீச்சென்றது. கூட்டம் உச்சுக்கொட்டியது. நான் ரித்திக்கைப் பார்க்காமல் மறுபடி போய்க் கம்பியோரம் நின்றேன். ஒருவேளை நான் சொன்னது பாதிதான் சரியோ, மஞ்சள் நூலுக்குள்ளேயே இறங்கிவிட்டதோ என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு என் நாற்காலியில் உட்காரப் போகும் அந்த அடுத்த ஆளைக்கூட நினைத்துப் பார்த்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

மூன்றே முக்காலுக்கு மூலையை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் இருந்த இடம் தெரியவில்லை. சுற்றியிருந்த மாந்தளிர் நிறமும் ஒரு பொட்டளவுக்கு வெளுத்திருந்தது. ஒன்பது வருடம் சாயத்தோடு இருந்தவள், அந்தச் சாயத்தின் யோக்கியதை எனக்குத் தெரியும்.

விளக்கு எரிந்தது. நீலம் நீலமாகவே இருந்தது.

சென்னியப்பன் மூலையைத் தட்டில் வைத்தார். எல்லோரும் காத்திருந்தோம். தட்டு சும்மா இருந்தது. இன்னும் அழுத்தி வைத்தார். அப்போதும் சும்மா இருந்தது.

"தூங்கிருச்சுங்க" என்றார், குழந்தையைத் தொட்டிலில் போட்டவர் மாதிரி மெதுவாக.

நான் கடை வாசலுக்கு நடந்தேன். கூட்டமும் பின்னாலேயே வந்தது. இரண்டடி முன்னால் நின்று மூச்சை இழுத்துக்கொண்டேன். கண்ணாடிக் கதவு சத்தமில்லாமல் விலகியது. உள்ளே குளிர்காற்று முகத்தில் அடித்தது. பின்னால் யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். வெட்கமே இல்லாமல் நானும் தட்டினேன். எனக்கு நானே தட்டாமல் வேறு யார் தட்டுவது?

ரித்திக் பித்தளைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தான். "இதை எடுத்துரலாங்களா?"

"எதுக்கு எடுக்கறீங்க? பில்லு போட்ட பொறகு வெய்யுங்க. கிண்ணம் எங்கயும் போக வேண்டாம், விளக்கு முன்னால வரட்டும்" என்றேன். பில் போட நின்றிருந்த இன்னொரு கல்யாண வீட்டு அம்மா, "அப்படிச் சொல்லு கண்ணு" என்றார்.

நான் வெளியே வந்தபோது சென்னியப்பன் தன் சொந்த நோட்டை விரித்துவைத்துப் போன் பேசிக்கொண்டிருந்தார். "டீச்சரம்மாங்களா? பொன்னூசியிலிருந்து சென்னியப்பன் பேசறனுங்க. சேலையை எடுத்துக்கிட்டு வாங்க. இல்லீங்க, திட்டுங்க, எவ்வளவு வேணா திட்டுங்க, வந்து திட்டுங்க. வெயில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதுங்க."

திரும்பும்போது பேருந்தில்தான் போனேன். வேண்டுமென்றே. கதவு வாயைத் திறக்கவில்லை. காலையில் பார்த்த அதே கண்டக்டர் என்னைப் பார்த்து, முந்தானையைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் டிக்கெட் கொடுத்தார்.

அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட்டபோது மணி நாலு நாற்பத்திரண்டு. அமராவதி மேடம் நேரத்தைத் தானே எழுதி முத்திரை வைத்தார். வியர்வையில் நனைந்து, முகம் கருத்து, காலில் தார் ஒட்டி, ஒரு பக்கம் வெளுத்த சேலையோடு நான் அரசு ஊழியர் ஆனேன்.

"கடையில என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். கிண்ணம், கிளிப்பச்சை, வெயில், எல்லாம். நான் முடித்ததும் அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். மேசையின் கீழ் இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே பொன்னூசி சில்க்ஸ் பை. பைக்குள் ஒரு அரக்குப் பட்டு, அதன் முந்தானை மூலையில் விரலளவு மஞ்சள்.

"தங்கச்சி மக சீருக்கு எடுத்தது. ஒரே ஒரு தடவை கட்டினேன்." குரல் காலையில் பேசிய குரலாக இல்லை. "கடைக்குப் போய்க் கேட்டா ஊருக்கே தெரியுமேன்னு போகல. பின்னாடி ஜெனரேட்டர் ரூம் கதவு பழசு, அதுக்கு மணி கிடையாது. முப்பத்திநாலு நாளா அந்த வழியாத்தான் வர்றேன். முப்பது வருச சர்வீஸ். ஆபீசுல ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் சேலைக் கரையில் இருந்த கருப்பு எண்ணெய்க் கறை மறுபடி என் கண்ணில் பட்டது. காலையில் இருந்து எனக்காகச் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர். இந்த ஐந்து மணிக்காக அவரும்தான் காத்திருந்தார் போலிருக்கிறது.

"எவ்வளவு நேரம் வெயில்ல போடணும்?" என்று கேட்டார்.

"பட்டுன்னா நாளைக்கு வெயில்ல நாலு மணி நேரம் போடணுங்க மேடம். அப்புறம் விளக்குக்கு நானே கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டேன். "மொட்டை மாடிச் சாவி யாருகிட்டங்க இருக்கு?"